ஏழாம் வாய்ப்பாட்டு அட்டை

சாணார்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிக்குச் செயல்வழிக் கற்றல் வந்த புதிதில், செய்தி எழுதப் போயிருந்தேன். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் அட்டைகளை எடுத்துத் தாமே படிக்க வேண்டும். ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. அந்த வகுப்பின் ஒல்லியான ஆசிரியர் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வகுப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஒரு பூ விவசாயி மகளுக்கு டி.சி. கேட்டு வந்தார்.

"சீட்டாடுற மாதிரி அட்டையப் பரப்பிக்கிட்டு இருக்குதுக. இது படிப்பா சார்?" என்றவர் மகளைக் கூப்பிட்டார். "ஏத்தா, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

"அந்த அட்டை எனக்கு இன்னும் வரலப்பா."

"கேட்டீகளா? இங்கிலீஸ் ஸ்கூல்ல இவ வயசுப் பிள்ளைக பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுதுக!"

"ஒரு வாரம் பொறுங்கண்ணே," என்று ஆசிரியர் கெஞ்சி அனுப்பினார். விவசாயி போனதும் கதவைச் சாத்தி, அட்டைகளை ஓரம் தள்ளினார். "ஓரேழு ஏழு" என்று அவர் தொடங்க, வகுப்பே கத்தியது.

"நீங்க எதைத்தான் நம்புறீங்க?" என்றேன்.

"புள்ள இங்க இருந்தாத்தான சார், ரெண்டுல ஒண்ண நம்ப முடியும்?"

புதிய முறையின் நோக்கங்களை என் செய்தியில் பத்தி பத்தியாக எழுதினேன். அந்தப் பதிலை எந்தப் பத்தியில் வைப்பதென்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.