வாய்விட்டு எழுதிய கடிதம்

என் மகள் எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் துண்டு துண்டாக உடைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள். வாயை மூடச் சொன்னால் கையும் நின்றுவிடுகிறது. அதட்டுவதா, விட்டுவிடுவதா? எனக்குத் தெரியவில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

அப்போது சொந்த ஊரைவிட்டு வெகுதூரத்தில், தேஹு ரோட்டில் இருந்தோம். அப்பாவுக்கு டிப்போவில் வேலை. பள்ளியில் மராத்தி; தமிழை அப்பா வீட்டில் சொல்லித்தந்திருந்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கடிதங்களை அப்பாதான் எழுதுவார். எழுதியதைத் தன் அக்காவிடம், எங்களோடு இருந்த அத்தையிடம், வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவார்.

அம்மா அப்போது ஏழு மாதம். முந்தைய குழந்தை அங்கேயே பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோயிருந்தது. இந்தப் பிரசவமும் இங்கேதான் என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு மத்தியானம் அம்மா இன்லண்டு தாள் ஒன்றை என் முன் வைத்தாள். திருநெல்வேலியில் இருக்கும் மாமாவுக்கு எழுத வேண்டும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அத்தை தட்டில் கோதுமையைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு எழுது, தாயி" என்று அம்மா என் காதோடு சொன்னாள்.

முயன்றேன். பேனா நகரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதியதில் மை சிந்தியது. வேறு வழியில்லாமல் முணுமுணுத்தேன்.

"எ… னக்… குப்… ப… ய… மா…"

கோதுமைச் சத்தம் நின்றது. நான் நிறுத்தியதும் மறுபடி கேட்டது.

"வந்… து… கூட்… டிக்… கொண்… டு…"

மறுபடி நின்றது. அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

திரை விலகியது. "ஏட்டி, என்ன முனங்குத?"

"இவ அப்பா குடுத்த தமிழ்ப் பாடம், மதினி" என்றாள் அம்மா.

"வாசி, கேப்போம்."

தாளைப் பார்த்தபடியே, பசு வீட்டு விலங்கு என்றும் புல் தின்று பால் தரும் என்றும் ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தேன்.

அத்தை அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்க. தேதி போட மறந்திராத" என்று சொல்லிவிட்டுக் கோதுமைக்குத் திரும்பினாள்.

தேதி போட்டேன். பத்தாம் நாள் மாமா வந்து இறங்கினார். அத்தை மறுபேச்சில்லாமல் அம்மாவின் புடவைகளை மடித்துக் கொடுத்தாள். அத்தையை ஏமாற்றிய கெட்டிக்காரத்தனம் வெகுநாள் எனக்குப் பெருமையாக இருந்தது. பாடத்துக்கு எதற்குத் தேதி என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை.