பின்வராந்தாவில் மீன் வாடை

எங்கள் ஆய்வகத்தில் நானோ இழைச் சவ்வு செய்கிறோம். பிளாஸ்டிக்கைக் கரைப்பானில் கரைத்து, ஊசி முனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் வந்து உருளையில் படியும். உரித்தெடுத்தால் வெள்ளைத் தாள் போல இருக்கும். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர்களின் முகக்கவசத்துக்குள் வைக்கத்தான் அது. நச்சு மனிதர் மூக்கை எட்டக் கூடாது என்று மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். பேச்சுக்கு என்னிடம் ஒரு நாளும் பஞ்சம் இருந்ததில்லை.

இழை படியும்போது கரைப்பான் ஆவியாகும். அந்த ஆவிக்கு மீன் வாடை. நெடுநாள் சுவாசித்தால் ஈரலைக் கெடுக்கும். தலைவலி அதற்கு முன்பே வரும். அதை வெளியேற்றும் குழாய் மொட்டை மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதிப் பருவமழையில் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி மூன்று சவ்வுகள் வீணாயின. புதுக் குழாய்க்குக் கோப்பு நகர மாதக்கணக்கில் ஆகும்; திட்டத்தை மதிப்பிடக் குழு வரும் நாளோ நெருங்கிவிட்டது. குழாயைத் திருப்பிப் பின் ஜன்னல் வழியாக வெளியே நீட்டினேன். இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே பின்வராந்தா. கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா அங்கேதான் மத்தியானம் சாப்பிடுவார். தெரியாமல் செய்தேன் என்று எழுத ஆசைதான்.

அக்கா எல்லையோரப் பாறசாலைக்காரர். மலையாளம் பேசுபவர்கள் நடுவே தமிழில் பேச ஆள் கிடைத்ததால் என்மேல் தனிப் பிரியம். இரண்டு வாரம் இரண்டு மாதமானது. நெற்றியில் தைலத்தோடு வரத் தொடங்கினார். நான் மாத்திரை கொடுத்தேன். கண் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். வெட்கம் கெட்டவள் நான், எந்த ஆஸ்பத்திரி என்றும் சொன்னேன்.

ஒரு நாள் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு என் மேசையருகே வந்து நின்றார்.

"மேடம், வராந்தாவுல ஒரே மீன் வாடை. எனக்க சோத்துப் பாத்திரத்துல இருந்துதான் போல. உங்களுக்குப் புத்திமுட்டா, கஷ்டமா இருந்திருக்கும், இல்லியா? இனி மீன் கொண்டு வரல்ல."

இவள் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துப் பெண், மீன் வாடை ஆகாது, சொல்லவும் கூசுகிறாள் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். அது உங்கள் மீன் இல்லை அக்கா, என் குழாய். இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. விஷயம் மேலே போனால் என் திட்டம் என்ன ஆகும் என்று யோசித்தேன்.

"பரவால்லக்கா" என்றேன். அப்படிச் சொன்னால் ஆமாம் என்றுதான் பொருள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பிளம்பரை வரவழைத்து, குழாயை மறுபடி மாடிக்கு ஏற்றி, மேலே தகர மூடி போடச் செய்தேன். அரை நாள் வேலை. மழை தொடங்கியபோதே செய்திருக்கலாம்.

சில நாள் கழித்து அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியளா மேடம், மீன நிறுத்தினதும் வாடையும் போச்சு, தலைவலியும் போச்சு."

தலையாட்டினேன். ஈரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். சொன்னால் எதற்கு என்று கேட்பார். அதற்குப் பயந்தே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் எனக்கென்று ஒரு டப்பாவில் சோறும், மோர்க்குழம்பு போன்ற புளிசேரியும் கொண்டு வந்தார். பாத்திரத்தில் மீன் பட்டே ஆறு மாதமாயிற்று, தைரியமாகச் சாப்பிடலாம் என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.