பூஜைக்குப் போன புத்தகம்

அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அறிவியல் ஆர்வம் எல்லாம் இல்லை. அந்த மெஷினுக்கு ஏசி அறை கட்டினார்கள். நானோ தகரக் கூரைக்குக் கீழே ஸ்டோர்ஸ் கிளார்க்காக வெந்துகொண்டிருந்தேன். புரோகிராம் எழுத ஒரே ஓர் ஆளைத் தேர்வு வைத்து எடுப்பார்களாம். அந்த நாற்காலி எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

புத்தகம் வாங்கப் பூந்தமல்லிக்கு மனைவியின் தம்பியையும் அழைத்துப் போனேன், புத்தி கெட்டுப்போய். பழைய புத்தகக் கடையில் இரண்டு கிடைத்தன. ஒன்று, ஏதோ ஒரு மெஷினின் பொத்தான்களையும் விளக்குகளையும் விளக்கும் தலையணை சைஸ் புத்தகம். மற்றது, எந்த வேலையையும் படிப்படியாகப் பிரித்து யோசிக்கச் சொல்லித்தரும் ஒல்லிப் புத்தகம்.

"குண்டா கீறதை வாங்கு மாமே. ஆயுசுக்கும் உழைக்கும்," என்றான் மச்சான். வாங்கினேன். ஒல்லியைக் கடைக்காரர் கொசுறாகத் தந்தார்.

எங்கள் முதலாளி நல்ல நாள் பார்ப்பவர். தேர்வை விஜயதசமி காலையில் வைத்துவிட்டார். அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை என்று ஒரு பாவியாவது யோசிக்க வேண்டாமா? ஊரிலுள்ள புத்தகமெல்லாம் சாமிக்கு முன்னால் போய்விடும், தொட்டால் பாவம். என் தலையணைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று.

"இன்னும் பாதிகூடப் படிக்கலடி!" என்று கத்தினேன்.

"சாமிகிட்ட வெச்சாச்சு. எடுத்தா கண்ணு பூடும்," என்ற மனைவி, ஒல்லியை என் மடியில் போட்டாள். "இந்தாய்யா, இத்த வெச்சிக்கினு படி. கல்யாண நோட்டீஸ் கணக்கா கீது, இதப் போய் வெச்சா சாமியே சிரிக்கும்."

வேறு வழி? பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

தேர்வில் ஒரே கேள்வி. கேன்டீனில் டீ குடித்துவிட்டு மறுபடியும் வந்து வரிசையில் நிற்பவனைக் கண்டுபிடிப்பது எப்படி, படிப்படியாக எழுதுக. மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒல்லி சொன்னபடியே பிரித்துப் பிரித்து எழுதினேன். இரண்டாம் டீ குடிப்பவன் நானே என்பதால் ஒரு படிகூட விடுபடவில்லை.

நாற்காலி கிடைத்தது. வந்து இறங்கிய மெஷினோ வேறு. தலையணையில் இருந்த பொத்தான் ஒன்றுகூட அதில் இல்லை. சில வருஷத்தில் அந்த மெஷினும் போய் இன்னொன்று வந்தது. ஒல்லி மட்டும் என் மேஜையைவிட்டு நகரவில்லை.

இன்னொரு மெஷின் வந்த அந்த வருஷ ஆயுத பூஜைக்கும் தலையணைக்குத்தான் சந்தனம். மச்சான் அதைப் பார்த்துவிட்டு மார்தட்டினான். "பாத்தியா மாமே, ஆயுசுக்கும் உழைக்கும்னு சொன்னேன்ல?"

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். ஏசியில் பிடித்த சளி, தொண்டை கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது.