டுரியான் துங்காலிலிருந்து திறந்த கதவு

மலாக்கா கிளேபாங்கில் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கியபோது என் கையில் சாவி எதையும் தரவில்லை. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய இரண்டு நீல டேக்குகளைத் தந்தார்கள். கதவுப் பிடியருகே காட்டினால் பூட்டு திறக்கும். கைப்பேசியைக் காட்டினாலும் திறக்கும். எங்கேயோ இருந்துகொண்டு கைப்பேசித் திரையைத் தொட்டாலும் திறக்கும். கதவைச் சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

நான் ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும். நாற்பத்தொரு வயதில் சொந்தக் கதவு கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? முதல் நாள் டேக்கைக் காட்டிக் காட்டி அந்த 'டிங்' சத்தத்தைப் பதினோரு முறை கேட்டேன். பிறகு கைப்பேசியில் ஐந்து முறை.

அப்பா செம்பனை லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை மலாக்கா மருத்துவமனைக்கு வருவார். நான் ஆபீஸில் இருக்கும்போதும் அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளட்டும் என்று அவர் கைப்பேசியையும் கதவில் பதிவுசெய்துவைத்தேன். அவருக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

"சாவி இல்லாத வீடு என்னா வீடு? பேட்டரி செத்துப் போச்சுன்னா வாசல்லயே படுத்துக்குவியா?"

பால் காய்ச்ச ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை வரை நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார்கள். அம்மா முதல் நாளே வந்துவிட்டார். தங்கச்சி ஒரு டேக்கை எடுத்துக்கொண்டு அப்பாவை அழைத்துவரக் காரில் ஜாசினுக்குப் போயிருந்தாள். வரும் வழியில் டுரியான் துங்காலில் பெரியப்பாவையும் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. சொந்தக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள். காலையில் வந்தவர்கள் என் ஆபீஸ்காரர்கள், மேனேஜரையும் சேர்த்துப் பதினைந்து பேர்.

பத்து மணியாகியும் கார் வரவில்லை. "பரவாயில்லமா, ஆரம்பிச்சிடுவோம்" என்றார் குருக்கள். எல்லோரும் வெளியே வந்து நின்றோம். திறந்திருந்த கதவுக்கு முன்னால் பூசணிக்காயைச் சுற்றினார்கள். நான் பட்டுச்சேலையில், கையில் பால்குடத்தோடு, வலது காலை எடுத்து வைக்கத் தயாரானேன். கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. என் மூக்குக்கு முன்னால் கதவு படாரென்று மூடி, 'டிங்' என்று பூட்டிக்கொண்டது.

என் டேக் கைப்பைக்குள். கைப்பை வீட்டுக்குள். கைப்பேசி அடுப்பங்கரையில் சார்ஜில். அம்மாவின் கைப்பேசி அதற்குப் பக்கத்தில்.

கீழே காவலுக்கு இருந்த ஜாகாவை அழைத்தோம். நிர்வாக ஆபீஸ் ஞாயிறு லீவு, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சத்தம் கேட்டு எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி எட்டிப் பார்த்தார். நிலைமை புரிந்ததும் விறுவிறுவென்று தன் வீட்டு நாற்காலிகளை எடுத்துவந்து நடையில் வரிசையாகப் போட்டார். மேனேஜர் உட்கார்ந்துகொண்டார். குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பதினைந்து.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அப்பாவுடையது. குருக்களின் கைப்பேசியை வாங்கி, கையில் குடம் இருந்ததால், ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன். மூன்றாவது முறைதான் எடுத்தார்.

"ப்பா, நான்தாம்பா. கதவு லாக் ஆயிருச்சு. ஒங்க ஹேண்ட்போன்ல கதவைத் தொறங்க."

"யாரு?"

"ஒங்க மகப்பா!"

"எல்லா ஸ்கேமரும் இப்படித்தான்டா சொல்றானுங்க. இப்ப கொரலைக்கூட மாத்திப் பேசுறானுங்க. பேப்பர்ல போட்டிருக்கான்."

"ப்பா, சத்தியமா நான்தான் லா!"

"அப்ப சொல்லு. ரெண்டாம் வகுப்பு டிராமாவுல எம்மக மேடையில என்னா பண்ணா?"

மேனேஜர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மணி பத்து இருபது.

"மரமா நடிச்சேன்," என்றேன்.

"மரமா நின்னு?"

"பயத்துல... ஒண்ணுக்குப் போயிட்டேன்."

முதலில் சிரித்தது குருக்கள். பிறகு யார் யாரென்று சொல்ல முடியவில்லை. தமிழ் தெரியாத ஆண்ட்டிகூட எல்லோரையும் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குடம் ஆடி, பால் சேலையில் தளும்பியது.

அப்பா மட்டும் அசையவில்லை. "இது தோட்டத்துக்கே தெரிஞ்ச கதை. வேற சொல்லு."

அம்மா கைப்பேசியைப் பறித்தார். "ஏங்க! நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு, அங்க என்னா பட்டிமன்றமா நடத்துறீங்க? நேத்து வெளிய போட்டிருந்த துணியை எடுத்தீங்களா இல்ல நனைய விட்டீங்களா?"



"ஆமா, இது அசல்தான்," என்றார் அப்பா. "கோவப்படாத. இங்க டுரியான் துங்கால்ல டயர் பஞ்சர். சின்னவ டயர் கடைக்குப் போயிருக்கா. நானும் அண்ணனும் ரோட்டோரம் நிக்கிறோம். எதைத் தொடணும்?"

"கதவுப் படம் இருக்கும்பா. அதைத் தொடுங்க."

"தொட்டுட்டேன். சுத்துது... இன்னும் சுத்துது..."

டிங்!

எல்லோரும் கைதட்டிக் கூவினோம். கூவிய மும்முரத்தில் ஒருவரும் கதவைத் தள்ளவில்லை. ஐந்தாவது விநாடி அது மறுபடியும் பூட்டிக்கொண்டது.

"ப்பா! இன்னொரு தடவ!"

"என்னாடி விளையாடுறீங்களா?" என்றார். ஆனால் அந்தக் குரலில் குதூகலம் ஏறியிருந்தது. "இந்தா புடி!"

இந்த முறை 'டிங்' கேட்டதுமே மேனேஜர் நாற்காலியிலிருந்து பாய்ந்து தோளால் கதவைத் தாங்கிக்கொண்டார். குருக்கள் "வலது கால், வலது கால்" என்று கத்தினார். பத்து இருபத்தாறுக்கு நான் உள்ளே போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஒரு மணிக்கு அப்பா வந்து சேர்ந்தார். கதவு திறந்தேதான் இருந்தது. "சாத்துங்க" என்றார். சாத்தினோம். மின்தூக்கியருகே நின்றபடி கைப்பேசியை நீட்டித் திரையைத் தொட்டார். 'டிங்' என்று பூட்டு திறந்தது. பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியாண்ணே?" என்றார். பெரியப்பா தனக்கும் ஒருமுறை வேண்டும் என்றார். மறுபடி சாத்தினோம்.

மாலையில் அப்பாவும் நானும் கீழே இறங்கி, சாலையோரக் கடையில் இளநீர் ஷேக் குடித்தோம். கடைக்கார மலாய்க்காரரிடம் அப்பா காலையில் நடந்ததையெல்லாம் மலாயில் சொன்னார். "பெத்துல் கா?" என்று அவர் நம்பாமல் கேட்டார். அப்பா உடனே கைப்பேசியை எடுத்து, ஒன்பதாவது மாடி இருக்கும் பக்கமாகப் பிடித்துத் திரையைத் தொட்டார்.

"இப்ப தொறந்திருக்கும்," என்றார் பெருமையாக.

கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். அங்கிருந்து கதவு தெரியவே தெரியாது. ஆனாலும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நான் சிரித்த சிரிப்பில் இளநீர் மூக்கில் ஏறிவிட்டது.