கரை வருமுன் விசையைக் குறைப்பவர்

சென்னையில் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. கப்பலோ பழுதாகித் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. எஞ்சியது விமானம் ஒன்றுதான். அதில் ஏற எனக்கு அச்சம். அந்தமானில் பெரார்கஞ்சில் குடியேறிய நாள்முதல் கடல்வழியன்றி வேறு வழியில் நான் சென்னை சென்றதில்லை. என் கணவரும் அப்படியே. ஆயினும் அவர் செய்தால் அதற்குக் கப்பற்பற்று என்று பெயர். நான் செய்தால் பயம்.

தீவுகளுக்கிடையே பயணிகள் படகு செலுத்தி ஓய்வு பெற்றவர் அவர். என் பயத்தைச் செயல்முறையில் தீர்ப்பதென்று முடிவு செய்தார். மருமகன் எங்கள் வீட்டில் விட்டுச் சென்ற கணினியில், கைப்பிடியும் கால்மிதிகளும் பொருத்திய விமான விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் அவர் தேர்ந்தெடுத்தது பழங்காலப் புரொப்பல்லர் விமானம். வாலடியில் ஒரு சிறு சக்கரத்தை ஊன்றி, மூக்கை வானுக்கு நிமிர்த்தி நின்றது.

“ஏங்க, புதுசா ஒண்ணும் கிடைக்கலையா?”

“அரே, ஜெட்டுன்னா பாதி வேலைய மிஷினே பாத்துக்கும். இதுல எல்லாம் கையும் காலும்தான். இதையே காஞ்ச தரை, புல்லுத் தரை, மழைத் தரை மூணுலயும் பத்திரமா இறக்கிக் காட்டுறேன். அப்புறம் உனக்கு எதுக்கு டர், பயமெல்லாம்?”

படகு அணையும் ஜெட்டி தொலைவில் தெரிந்ததுமே என்ஜினைத் தணித்து, மிச்சத் தூரத்தை நீரோட்டத்திடம் ஒப்படைப்பது படகோட்டிகளின் வழக்கம். லாங் ஐலண்ட் ஜெட்டியில் அவர் அணைத்தால் படகு அணைந்ததே தெரியாது என்பார்கள். விமானத்தையும் அவர் அவ்வாறே நடத்தினார். ஓடுபாதை கண்ணில் பட்டதும் விசையைக் குறைத்தார். நீரைப்போல் காற்று தாங்கவில்லை. பாதைக்கு முன்னிருந்த தென்னந்தோப்பில் விமானம் போய் அமர்ந்தது.

“தேங்கா பறிக்கவா போனீங்க?”

“ஹவா சரியில்ல” என்று காற்றின்மேல் பழியைப் போட்டார். அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை.

அடுத்தது புல்தரை. இம்முறை விசையை விடாமல் வந்து, சக்கரங்களை அழகாகத் தரையில் வைத்தார். ஆனால் கரை சேர்ந்ததும் கயிற்றை இழுத்துக் கட்டும் கைகளுக்குப் பொறுமை ஏது? பிரேக்கை ஒரே மிதி மிதித்தார். விமானம் மூக்கை மண்ணில் ஊன்றி வாலைத் தூக்கிக்கொண்டது.

“நமஸ்காரம் பண்ணுது பாருங்க. மரியாதை தெரிஞ்ச வண்டி.”

மழைத் தரையில் அது பக்கவாட்டில் வழுக்கி வேலியைக் கடந்தது. அதுவரை ஒன்றாயிருந்த என் பயம் மூன்று வகையாகப் பெருகியது. நடந்ததை மகளிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“அம்மா, ஃப்ளைட்ட அப்பா ஓட்டலைல்ல? அது போதும்” என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “முடிஞ்சா வாம்மா.”

இருவருக்கும் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அதன்பிறகும் அவர் பயிற்சியை விடவில்லை. நிமிர்ந்த மூக்கு பாதையை மறைக்கும் என்பதால் இருபுறமும் பார்த்து இறங்கக் கற்றார். ஓடுபாதையின் விளிம்பு காலடிக்கு வரும்வரை விசையைக் காத்தார். ஈரத்தில் பிரேக்கை அமுக்காமல், விமானத்தை அதன் போக்கில் ஓடவிட்டு, கால்களால் நேராக்கினார். புறப்படுவதற்கு முந்தைய மாலை மூன்று தரைகளிலும் பழுதின்றி இறங்கினார். எனக்காக என்றுதான் சொன்னார். நான் சீட்டு எடுக்கச் சொன்ன பின்னும் பயிற்சி ஏன் நீண்டது என்று நான் கேட்கவில்லை.

சென்னையில் மழை. விமானம் தாழத் தொடங்கியதும் அவர் கால்கள் மாறிமாறித் தரையை அழுத்தின. கூரைகள் தெரிந்ததும் அவருடைய வலக்கை, இருக்கையின் கைப்பிடி மேல் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. விசையைக் குறைக்கிறார். மணிக்கட்டைப் பற்றினேன்.

“பொறுங்க. இன்னும் ஜெட்டி வரல.”

“தெரியும்” என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

சக்கரங்கள் நீரைச் சிதறடித்துத் தரை தொட்டன. அவர் பாதங்கள் இரண்டும் ஒருசேர அழுந்தின.

“ஆஹிஸ்தா, மெதுவா. மழைத் தரைங்க.”

பாதங்கள் தளர்ந்தன. விமானம் நெடுந்தூரம் ஓடி, அமைதியாக நின்றது. அவர் கண்ணைத் திறந்து, சன்னல் வழியே தரையை நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

“பாத்தியா? பயப்பட ஒண்ணுமில்லன்னு அப்பவே சொன்னேன்ல.”

“ஆமாங்க” என்றேன். மேலிருந்து பையை இறக்க வேண்டியிருந்ததால், அவர் இறுகப் பற்றியிருந்த என் கையை விடும்படி கேட்டுக்கொண்டேன்.