பிள்ளைகளை அனுப்பாமல் இருந்த ஒரு வாரம்

போன மாதம் உங்கள் தமிழ்ப்பள்ளியில் பரிசளிப்பு விழா நடந்தது. வாசிப்புப் போட்டியில் பெரியவளுக்குக் கோப்பை கிடைத்தது. அம்மா வரவில்லை. வரவில்லை என்று சொல்வதும் சரியில்லை. காரில் நம்மோடுதான் வந்தாள், பள்ளி வாசலுக்கு எதிரே நிழலில் நிறுத்தச் சொன்னாள், விழா முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது சின்னவன் கேட்டான், "அம்மா ஏம்ப்பா எறங்கல?" நான் பின்னால் வந்த லாரியைப் பார்ப்பதுபோல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன்.

எனக்குக் கோவையாகப் பேச வராது. எழுதினால் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரைக்கும்தான் படித்தேன், அதன்பிறகு கையில் பிடித்தது எல்லாம் லாரி ஸ்டீயரிங். பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன். வேண்டாம், இதை அம்மாவிடம் காட்டாதீர்கள்.

அம்மா எப்படி டீச்சர் ஆனாள் என்பது உங்களுக்குத் தெரியாது. சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. முதலாம் ஆண்டு எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். அடுத்த வாரம் தலைமையாசிரியர் மோட்டார் சைக்கிளில் நம் வீட்டுக்கு வந்தார். நான் எண்ணெய் ஆலையில் செம்பனைப் பழம் இறக்கிவிட்டு அழுக்குச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தேடித்தான் வந்தார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காராமலே அம்மாவிடம் பேசினார்.

"ஆறாம் படிவம் முடிச்ச ஆளு இந்தத் தோட்டத்துல நீங்க ஒருத்தருதான்மா. தற்காலிக வேலைதான். வர்றீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "போ" என்றேன். அன்றைக்கு அவள் முகம் இருந்ததைப் போல் கல்யாணத்தன்றுகூட இருக்கவில்லை.

தற்காலிகம் என்பது நீண்டுகொண்டே போனது. அந்த ஆசிரியை திரும்பி வரவில்லை, வேறு மாநிலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். அப்புறம் நீட்டித்துவிட்டார்கள் என்று தகவல் வரும். நாலு வருஷம் அப்படி. பிஸ்கட் பெட்டி அட்டைகளை வெட்டி எழுத்து எழுதி, சமையல் மேசை முழுக்கக் காயப் போட்டிருப்பாள். நாம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவோம்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நம் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அப்பாவும் வேலைக்குப் போகிறார், அம்மாவும் போகிறார். தோட்டத்திலேயே வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் சிரம்பான் பக்கம் தொழிற்சாலைக்கும், சி ரூசா கடற்கரை ஓட்டல்களில் துப்புரவுக்கும் போகிறார்கள். பள்ளி மதியத்தோடு விட்டுவிடும். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் ஒரு பிள்ளை, "டீச்சர், அம்மா இன்னும் வரல" என்று வகுப்பு வாசற்படியில் உட்கார்ந்தது. அம்மாவும் கூட உட்கார்ந்தாள். பிறகு ஐந்தாறு பிள்ளைகள், பிறகு வகுப்பில் பாதி. சாயங்காலம் ஐந்து மணிவரை வைத்திருப்பாள். உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான். சும்மா வைத்திருக்க மாட்டாள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து அந்த அட்டைகளை எடுப்பாள்.

"அது எனக்கு ரெண்டாவது கிளாஸுங்க," என்பாள். "காலையில சொல்லித் தர்றது பாதிதான் ஏறும். சாயங்காலந்தான் முழுசா ஏறுது."

யாரிடமும் ஒரு காசு கேட்டதில்லை. யாரும் கொடுத்ததும் இல்லை.

பிறகு ஒருநாள் தலைமையாசிரியர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். பயிற்சி முடித்த நிரந்தர ஆசிரியர் ஒருவரை அனுப்புகிறார்கள், வடக்கே கெடாவிலிருந்து வருகிறார், இந்தத் தவணையோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது என்றார். அவர் கெட்டவர் இல்லை. பெற்றோர் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு எங்களோடு சிரம்பான் கல்வி அலுவலகத்துக்கு வந்தார். அங்கே இருந்த அதிகாரி நம்ம தமிழ்ப் பெண்தான். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா நிரந்தர ஆசிரியர் வந்துட்டா தற்காலிகத்துக்கு எடம் இல்ல. உங்க பள்ளியில பிள்ளைங்களும் வருஷா வருஷம் கொறையுது. நீங்க பயிற்சிக்கு எழுதிப் போட்டீங்களா?"

"போட்டேங்க. வயசு தாண்டிருச்சுன்னு சொல்லிட்டாங்க."

அந்த அதிகாரி எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். அது எனக்கு ஏனோ அடித்துத் துரத்தியதைவிட மோசமாக இருந்தது.

சங்கத் தலைவர் தோட்டத்தில் மண்டோர் வேலை பார்ப்பவர், ஆட்களை மேய்த்து மேய்த்துக் குரல் பெரிதாகிவிட்டது. அவர் பூப்பந்துத் திடலில் கூட்டம் போட்டார். நாங்கள் எல்லாரும் போனோம். அம்மா கடைசியில், வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வாரம் ஒரு புள்ளையும் பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடாது," என்றார் மண்டோர். "வகுப்பு காலியாக் கெடந்தாத்தான் மேல உள்ளவனுக்கு ஒறைக்கும். நம்ம டீச்சர் நமக்கு வேணும்."

ஆலையில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் எழுந்தார். "பயிற்சி எடுத்த சாரு வர்றாரு, வேணாங்கிறோம். பயிற்சி இல்லாதவங்கதான் வேணுங்கிறோம். கேக்கறவன் சிரிக்க மாட்டானா தலைவரே?"

அப்போது நம் பக்கத்து வீட்டு அக்கா, சி ரூசா ஓட்டலில் அறை கூட்டுகிறவர், உட்கார்ந்தபடியே பேசினார்.

"எனக்கு சாரு யாரு, டீச்சரு யாருன்னு கவல இல்லண்ணே. பாடம் யாரு நடத்தினா என்னா? மத்தியானத்துக்கு மேல என் புள்ளைய யாரு பாத்துக்குவா? புது சாரு பாப்பாரா? டீச்சரு பாத்துக்கிறாங்க, அதனால டீச்சரு வேணும். அவ்ளோதான் லா."

"அப்படின்னா டீச்சர் வேணும்னு எழுதாதீங்க," என்றார் ஆலைக்காரர். "ஆயாக் கொட்டாய் வேணும்னு எழுதிக் குடுங்க."

திடலே சிரித்தது. ரப்பர் மரம் இருந்த காலத்தில் பால்மரம் சீவப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளைத் தோட்டத்து ஆயாவின் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தூளி தொங்கும். அதைத்தான் சொன்னார். அவர் நல்ல மனிதர், வாய்தான் அப்படி. நான் திரும்பிப் பார்த்தபோது வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் அம்மா இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஏற்கெனவே களைந்த அரிசியை மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.

"நாலு வருஷம் நான் பாடம் நடத்தினேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேங்க."

"அந்த அக்கா ஏதோ பேச்சு வாக்குல..."

"இல்ல. அவங்க பொய் சொல்லல. ஒருத்தராவது எழுந்திருச்சு, என் புள்ள வாசிக்குது, அதனால டீச்சர் வேணும்னு சொல்லுவாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தேன்."

நான் அரிசிப் பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கி அடுப்பில் வைத்தேன்.

அம்மாவின் ஒப்பந்தம் முடிந்து, புது சார் வேலையில் சேர்ந்த திங்கட்கிழமை காலை ஒரு பிள்ளையும் வெளியே வரவில்லை. அம்மா உங்கள் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊரே ஒனக்காக நிக்குது," என்றேன். "நம்ம புள்ளைங்க மட்டும் போனா நல்லாவா இருக்கும்?"

"எனக்காகவா நிக்குது?" என்றாள். சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தாள். "என் பேரச் சொல்லி எந்தப் புள்ளையும் ஒரு நாளும் பாடத்த விடக்கூடாது. ஊர்ப் புள்ளைங்கள நான் இழுத்துக்கிட்டுப் போக முடியாது. என் புள்ளைங்க போகும்."

அந்த வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளி முழுவதிலும் நீங்கள் இரண்டு பேர்தான். புது சார் உங்களோடு பூப்பந்து ஆடினார் என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னீர்கள். நீங்கள் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதனால் வெளியே நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டபடி, எங்களுக்குக் கேட்கும்படி வேறு யாரிடமோ பேசினார்.

"நாங்க வேலைக்கு லீவு போட்டுட்டு நிக்கிறோம். டீச்சரு புள்ளைங்க மட்டும் ஃபேன் காத்துல ஒக்காந்து படிக்குது. இதுக்குப் பேருதான் போராட்டம் போல."

அம்மா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

வாரத்தின் நடுவில் புது சார் வீட்டுக்கு வந்தார். இளம் பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார்.

"அக்கா, நான் இந்த எடத்தக் கேக்கல. எங்க ஊரு பக்கந்தான் கேட்டேன். வீட்டுக்காரி அங்க மாசமா இருக்கு. உங்களுக்கு சங்கடம்னா நான் மறுபடி மாத்தலுக்கு எழுதிப் போடறேன்."

"நீங்க போனா அந்த எடம் எனக்கு வராது சார்," என்றாள் அம்மா. "வேற சாரு வருவாரு. இல்லன்னா யாருமே வரமாட்டாங்க. உள்ள வாங்க."

அட்டைகளை எல்லாம் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது, எந்தப் பிள்ளை அதட்டினால் வாயையே திறக்காது, எந்தப் பிள்ளைக்கு வீட்டில் காலையில் சாப்பாடு கிடைக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். தேநீர் ஆறிப்போனது. அவர் போகும்போது அட்டைகளை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போனார். அம்மா வாசலில் நின்று, அவர் மோட்டார் சத்தம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வாரத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. லீவு போட முடியாதவர்கள் பிள்ளையை எங்கே விடுவது என்று அலைந்தார்கள். பட்டணத்தில், மலாயில் பாடம் நடத்தும் தேசியப் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு அம்மா டிரான்சிட் நடத்துகிறார். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடம் செய்யவைத்து, பெற்றோர் வரும்வரை பார்த்துக்கொள்ளும் இடம். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று அங்கே கொண்டுபோய் விட்டார்கள். வேன் தோட்டத்துக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போனது. மேலே இருந்து யாரும் வரவில்லை, யாருக்கும் உறைக்கவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை பள்ளி மணி அடித்தது. பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. போராட்டம் முடிந்துவிட்டது என்று தெரியாமல் இருக்கிறார்களோ என்று மண்டோர் வீடு வீடாகப் போனார். எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பாசாரில் மீன் வாங்க நின்ற என்னைப் பார்த்து, ஒதுங்காமல் நின்று சொன்னார்.

"தம்பி, கோச்சிக்காத. அங்கயே பள்ளிக்கூடம், பக்கத்துலயே சோறு. பொழுது சாயறப்ப வேன்ல வாசல்ல எறக்கி விட்டுடறாங்க. நான் கட்டில் விரிப்ப மாத்துவேனா, புள்ள எங்க நிக்குதோன்னு நெனப்பேனா? சூசா லா தம்பி, ரொம்பக் கஷ்டம். டீச்சருகிட்ட நீயே சொல்லிடு."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

தவணை முடிவதற்குள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைத் தேசியப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் போதாது என்று முதலாம் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் ஒரே வகுப்பாகச் சேர்த்துவிட்டார்கள். ஒரு ஆசிரியர் அதிகம் என்றானது. புது சாருக்கு மாற்றல் வந்தது. கெடாவுக்கு இல்லை, கோலா கிளாவாங் மலைப் பக்கம். அங்கிருந்து அவர் ஊருக்குப் போகிற வழி இன்னும் நீளம். சொல்லிக்கொண்டு போக வந்தபோது அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். அம்மா வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. பெரியவள் போன வருஷம் தூசி தட்டும்போது, "இத ஏம்ப்பா இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாளே, அதுதான்.

மண்டோர் ஒருநாள் லாரியை மறித்து நின்று சொன்னார், "நம்ம கையாலயே கெடுத்துக்கிட்டோம்யா. அந்த வகுப்புக்கு ஒரு வாத்தியார் எடமாவது இருந்துச்சு. இப்ப எடமே இல்ல." ஆமாம் என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். நான் கியரைப் போட்டேன்.

அம்மா பல மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு டிரான்சிட் நடத்தும் அந்த அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள், ஆள் போதவில்லை, நீங்கள் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்று உங்கள் தோட்டத்துப் பெற்றோர்கள் சொன்னார்கள், வருகிறீர்களா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "வர்றேங்க" என்றாள்.

அவள் காலையில் மஞ்சள் டீசட்டை போட்டுக்கொண்டு போவதை நீங்கள் பார்க்கிறீர்கள். அதில் யானைப் படம் இருப்பதைப் பார்த்துச் சின்னவன் சிரிப்பான். ஒருநாள் கார் பட்டறையில் இருந்ததால் மோட்டாரில் அவளைக் கூட்டிவரப் போனேன். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அம்மா சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அத்தனை முகமும் எனக்குத் தெரிந்த முகங்கள், வகுப்பு வாசற்படியில் உட்கார்ந்திருந்த அதே பிள்ளைகள். அங்கே வேலை செய்கிற எல்லாரையும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் தட்டை நீட்டி, "டீச்சர், கொழம்பு" என்றான்.

அம்மாவின் கரண்டி ஒரு கணம் நின்றது. "ஆன்ட்டின்னு சொல்லு," என்றாள் மெதுவாக. குழம்பு ஊற்றினாள்.

விழாவன்று காரை நிறுத்திவிட்டு, "கொஞ்ச நேரம் வந்துட்டுப் போயிடலாம், பெரியவ கோப்ப வாங்கப்போறா" என்று நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டே சொன்னாள், "உள்ள போனா மிச்சம் இருக்கிற புள்ளைங்க டீச்சர்னு கூப்பிடும்ங்க. அதுங்களயும் திருத்தச் சொல்றீங்களா?"

வரும் வருஷம் முதலாம் ஆண்டுக்கு இதுவரை யாரும் பதியவில்லை என்று தலைமையாசிரியர் அன்று மேடையிலேயே சொன்னார். யாரும் தலை நிமிரவில்லை.

இவ்வளவுதான். இனி அம்மாவை இறங்கி வரச்சொல்லிக் கேட்காதீர்கள். கோப்பையைக் காருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.