நீலமாகும் மண்

அண்ணி பல வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். நாற்பதை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தார். பழங்காலத்து மண்ணைச் சோதிக்கப் போகிறாராம். வீட்டில் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நாளில் மண்ணே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் இடமில்லை என்று, பால்கனி முழுக்கச் செய்தித்தாள் விரித்துக் காயவைத்தார். என் அண்ணன் ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உலர்த்த இடம் தேடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இதுல அப்படி என்னம்மா இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"மாடோ மனுஷனோ இருந்த இடத்துல சாணி, மூத்திரம், எலும்புன்னு ஏதாவது விழும் மாமா. அதுல இருக்கற பாஸ்பரஸ் மண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். ஆயிரம் வருஷமானாலும் லேசுல போகாது."

"இவ்வளவு படிச்சது, மாடு எங்க மூத்திரம் போச்சுன்னு கண்டுபிடிக்கவா?"

முதலில் சிரித்தது அண்ணிதான்.

ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் பழைய குடியிருப்பைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கு அங்கேதான் ஆராய்ச்சி. கல் அடித்தளங்கள் வரிசையாகத் தலைகாட்டின; எது வீடு, எது தொழுவம் என்றுதான் தெரியவில்லை. அகழாய்வுத் தலைவர் அதிகம் பேசாத மனிதர். "உங்க கெமிஸ்ட்ரி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றதோடு சரி. அண்ணி மேட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மண் எடுத்தார், அமிலத்தில் கரைத்தார், ஒரு ரசாயனம் சேர்த்தார். பாஸ்பரஸ் அதிகமாக இருந்தால் குழாயில் நீலம் அடர்த்தியாகும். கிழக்கு மூலை மண், பேனா மசி போல நீலமாக வந்தது.

"தொழுவம் கிடைச்சிடுச்சு!" என்று அன்று எல்லாருக்கும் போன் செய்தார்.

தோண்டினார்கள். கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. காவல்காரர் தலையைச் சொறிந்தார். "போன வருஷம் நம்ம ஆளுங்களுக்கு இங்கதான மேடம் கக்கூஸ் போட்டிருந்தோம்?"

குழியில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் டீ போட்டு எடுத்துப் போனான்.

"திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே போயிடட்டுமா?"

"அது உன் இஷ்டம். ஆனா சோதனை தப்பில்லையே. கக்கூஸைச் சரியாத்தான கண்டுபிடிச்சிருக்கு?"

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுதானே! சோதனையில் குறையில்லை, மண் எடுத்த ஆழத்தில்தான் குறை. மேல்மண்ணில் நேற்றைய ஆட்கள்தான் இருப்பார்கள். மறுவாரம் துளைக்கருவியோடு போய், பழைய தரைமட்டம்வரை இறக்கி மண் எடுத்தார். இம்முறை நடு அறையில், ஒரு சுவரோரம் வரிசையாக எடுத்த மண் மட்டும் குழாயில் நீலமானது.

"அதைத் தானியக் கிடங்குன்னு எழுதிட்டேனே" என்றார் தலைவர்.

"ஒரு தடவை பார்த்துடலாம் சார்" என்றார் அண்ணி.

சுவரோரம் குளம்பு மிதித்து இறுகிய தரையும், மாடு கட்ட முளையடித்த குழிகளும் வெளிப்பட்டன. எதிர்ப்பக்கம் ஓர் அடுப்பு. அதையொட்டி ஒரு குழந்தையின் கைவளை. ஒரே கூரையின் கீழ் மாடும் மனிதரும் தூங்கியிருக்கிறார்கள். தலைவர் குந்தி, ஒரு முளைக்குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"அறிக்கையை மாத்தணும். உங்க பேரும் அதுல வரணும்" என்றார்.

படிப்பு முடிந்து அண்ணிக்கு அந்த அகழாய்வுக் குழுவிலேயே வேலையும் கிடைத்தது. அடுத்த மேட்டில் முதலில் மண் சோதனை, அப்புறம்தான் மண்வெட்டி என்று தலைவரே சொல்லிவிட்டார். போன ஞாயிறு நாங்கள் எல்லாரும் அந்தப் புது மேட்டைப் பார்க்கப் போயிருந்தோம். வெறும் புல்வெளி. அண்ணி, கட்டம் போடும் கயிற்றின் ஒரு முனையை அண்ணன் கையில் கொடுத்து, "ஆடாம பிடிங்க" என்று சொல்லிவிட்டு, மறுமுனையோடு தூரத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.